ஆட்டக்காரனிடமே கேட்ட தீர்ப்பு

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, மலேசியாவின் பூச்சோங்கில் வாடகைக்கு எடுத்த ஓர் அரங்கில் எங்கள் அலுவலகத்தின் பூப்பந்துப் போட்டி நடந்தது. எனக்கும் அந்தப் போட்டிக்கும் உள்ள உறவு எளிமையானது: மற்றவர்கள் ஆடுவார்கள், நான் விதிமுறைகளை எழுதி, உயரமான நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வேன். மட்டையைப் பிடித்தது கல்லூரியோடு சரி.

அந்த ஆண்டு புதிய விதி ஒன்றைச் சேர்த்திருந்தேன். இரட்டையர் ஆட்டத்தில் ஒருவராவது ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்க வேண்டும். மூத்தவர்களை ஊக்குவிக்கும் உயர்ந்த நோக்கம். அந்த மூத்தவர்களில் நானும் ஒருவன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் கணக்குப் பிரிவு இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஒருமுறைகூடக் கோப்பை வாங்காத பிரிவு அது. அடுத்த மாதம் எங்களைத் தலைமையகத்தோடு இணைக்கப்போகிறார்கள். அதன்பின் கணக்குப் பிரிவு என்று ஒரு குழுவே இருக்காது. இதுதான் கடைசி வாய்ப்பு. அந்த நேரம் பார்த்து எங்கள் மூத்த ஆட்டக்காரருக்கு அரையிறுதியில் கணுக்கால் பிசகியது. வயதுத் தகுதியோடு பிரிவில் மிஞ்சியவன் நான் மட்டுமே. நான் இறங்காவிட்டால் ஆடாமலே தோல்வி.

"ரூல்ஸ் எழுதினது யாரு அங்கிள்? நீங்கதானே? வாங்க லா!" என்று என் கையில் மட்டையைத் திணித்தார் எங்கள் இளம் கணக்காளர். நாக்கும் ஆட்டமும் கூர்மையான பெண். "நெட்டுகிட்ட நில்லுங்க. சர்வை மட்டும் உள்ள போடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

எதிரணியில் ஆண்டுதோறும் கோப்பையை வெல்லும் பொறியியல் பிரிவுத் தலைவர். "பாஸ், உங்க நாற்காலியக் கொண்டு வரச் சொல்லவா?" என்றார். அரங்கமே சிரித்தது.

என் ஜோடி நான்கு கால்களோடு பிறந்தவர்போல ஓடினார். நான் அவர் சொன்ன இடத்தில் நின்று, சொன்னபடி சர்வ் போட்டேன். எப்படியோ வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி மிச்சம் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். சர்வ் என்னுடையது. திரும்பி வந்த பந்தை என் ஜோடி உயரத் தூக்கினார். பொறியியல் தலைவர் எம்பி, என் முகத்தைப் பார்த்து அடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு மட்டையை முகத்துக்கு நேரே நீட்டினேன். திறந்தபோது பந்து அவர்கள் பக்கம் கிடந்தது. எங்கள் ஆட்கள் குதித்தார்கள்.

"அவர் ரேக்கெட் நெட்ல பட்டுச்சு!" என்று கத்தினார் தலைவர்.

என் நாற்காலியில் அன்று நடுவராக இருந்தவர் புதிதாக வந்த மனிதவள அதிகாரி. அவர் தயங்கினார், பிறகு விதியில் சந்தேகம் என்றால் என்னைக் கேட்கும் அலுவலகப் பழக்கத்தில், நாற்காலியிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். "அங்கிள், இது ஃபால்ட்டா?"

ஆடுகிறவனிடமே தீர்ப்புக் கேட்கும் நடுவர் எங்கள் அலுவலகத்தில் மட்டுமே சாத்தியம். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் கோப்பை எங்களுக்கு.

"நான் பாக்கல. கண்ணை மூடிட்டேன். நீங்க பாத்தீங்களா?"

"இல்ல அங்கிள்."

"அப்போ லெட். திரும்ப ஆடணும்."

"ஐயோ அங்கிள்! கையில இருந்த கப்பைத் தூக்கிக் குடுத்துட்டீங்களே!" என்று தலையில் கைவைத்தார் என் ஜோடி.

மறுபடி சர்வ் போட்டேன். அதே மனிதர், அதே கோபம், அதே முகம் பார்த்த அடி. இம்முறை கண்ணை மூடவில்லை. பந்து வருவதைப் பார்த்தேன். என் மட்டையின் நடுவில் பட்டதைப் பார்த்தேன். வலையைத் தாண்டி, அவர்கள் இருவருக்கும் நடுவே பொத்தென்று விழுந்ததையும் பார்த்தேன்.

தலைவர் வலைக்கு மேலே கையை நீட்டினார். "இதுக்கு அப்பீலே இல்ல லா, அங்கிள்." என் ஜோடியோ மட்டையை வீசிவிட்டு, அழுதுகொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலை பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லாருக்கும் வாழை இலைச் சாப்பாடு, என் செலவில், என் பெலாஞ்சா. பணம் கொடுப்பதில் அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

முதல் பந்தை நான் அடித்தேனா, அதுவாக வந்து மோதியதா என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவதைக் கண் திறந்து அடித்தேன் என்பதால்தான், அந்தக் கோப்பையில் எனக்கும் பங்குண்டு என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ள முடிகிறது.