படம் எடுத்தவளின் பெயர்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டு மாடியில் மரண அறிவித்தல் இணையத்தளத்தின் அலுவலகம். அங்கே வரும் முறைப்பாடெல்லாம் மாக்ரெட்டின் தலையில்தான் விழும். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து, இடியப்பப் பார்சலை மேசையில் வைக்குமுன்பே போன் அடிக்கும். மூத்த மருமகனின் பெயர் கடைசியில் வந்துவிட்டது, அறிவித்தலைத் தூக்குங்கள். கனடாச் சித்தப்பாவை விட்டுவிட்டீர்கள், தூக்குங்கள். செத்தவர் பேசாமல் படுத்திருப்பார்; ரோசமெல்லாம் இருப்பவர்களுக்குத்தான். "அறிவித்தல் குடுத்தவர் சொன்னாத்தான் மாத்தலாம்" என்று கிளிப்பிள்ளைபோலச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

அன்று வந்தது வேறு மாதிரி. கிருலப்பனையிலிருந்து உஷாந்தி என்றொருத்தி காப்புரிமை முறைப்பாடு அனுப்பியிருந்தாள். ஓர் அறிவித்தலில் இருக்கும் படம் அவள் எடுத்ததாம், யாரும் அனுமதி கேட்கவில்லையாம். சாட்சிக்கு வெட்டாத முழுப்படத்தையும் இணைத்திருந்தாள். அதில் செத்துப்போன பெரியவர் அவளுடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாக்ரெட் போன் எடுத்தாள். "படத்தைத் தூக்கிவிடவா, தங்கச்சி?"

"வேண்டாம் அக்கா. நான் முஸ்லிம் பொடியன் பலீலைக் கட்டினதால அண்ணா என்ர பேரைப் போடேல்ல. அப்பா ஒளிச்சு ஒளிச்சு என்னட்ட வந்துபோனவர். நானும் அவரின்ர பிள்ளை எண்டு ஒரு மூலையிலயாவது என்ர பேர் இருக்கட்டும்."

உறவினர் பெயர்களில் மாக்ரெட் கைவைக்க முடியாது. படத்தில் வைக்கலாமே! அறிவித்தல் கொடுத்த அண்ணன் ராகுலனைப் போனில் பிடித்தாள்.

"தம்பி, படம் எடுத்தவங்க முறைப்பாடு போட்டிருக்காங்க. ஒண்டில் படத்தைத் தூக்கணும், இல்லாட்டி கீழ அவங்கட பேரைப் போடணும்."

"அப்பான்ர போனில கிடந்த படம்தானே! ஆர் எடுத்தது?"

"உங்கட தங்கச்சி."

"தூக்குங்கோ. அடையாள அட்டைப் படம் அனுப்புறன்."

அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் சீறியது. "அந்த மூஞ்சியோடயே மனுசனை அனுப்பப் போறாய்? அவர் சிரிச்ச ஒரே படம் இதுதான்ரா!" போன் கைமாறியது. "பிள்ளை, நான் தாய் கதைக்கிறன். படம் இருக்கட்டும். அவளின்ர பேரைப் போடுங்கோ."

"எப்பிடிப் போட, அம்மா?"

"படம்: மகள் உஷாந்தி."

மாக்ரெட் தட்டச்சுச் செய்து முடித்தும் அந்த அம்மா போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அவளோட கதைப்பியள்தானே? நாளைக்குச் செத்தவீடு. அவளின்ர மனுசனையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லுங்கோ."