தளபதியைக் குளிப்பாட்டியவள்

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம். நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டவள் என்று தெரிந்தும் அந்தப் பட்டத்தை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. படுக்கையில் விழுந்த பெரியவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். பெற்ற பிள்ளைகளையே அடித்து விரட்டும் கிழவர்கள்கூட, அவள் துண்டும் சோப்புமாக வந்து நின்றால் பெட்டிப்பாம்பாக அடங்கிக் குளியலறைக்கு நடந்துவிடுவார்கள்.

வீட்டில் அவளுக்குத் துணை அப்பா மட்டும். பழைய மில் தொழிலாளி. அவர் வாலிபராக இருந்தபோது மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது, ராணுவம் வந்தது, வாசலிலேயே சுட்டார்கள். பலர் செத்தார்கள். அப்பாவுக்கு முழங்காலில் குண்டு. பக்கத்தில் நின்ற அவருடைய அண்ணன் வீடு திரும்பவில்லை. தொழிலாளிகளே கேட்டைப் பூட்டிக்கொண்டு கல்லெறிந்ததாகவும், சிப்பாய்கள் பதறிப்போய்ச் சுட்டுவிட்டதாகவும் அரசாங்கம் சொன்னது. படையை நடத்திய தளபதிக்குப் பதக்கம் கிடைத்தது. நாட்டைக் காப்பாற்றிய மனுஷன் என்று ஊரில் பாதிப் பேர், கொலைகாரன் என்று மீதிப் பேர். எங்கள் தெரு சலூனில் இந்தப் பேச்சு கிளம்பினால் கடைக்காரர் கத்தியை மடக்கி உள்ளே வைத்துவிடுவார். பாதி மீசையோடு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

ஒருநாள், அவளுக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்சிக்காரர் சிஸ்டரைப் பெரிய வீடு ஒன்றுக்கு அனுப்பினார். "ரிட்டயர்ட் ஆபீசர். ஞாபகமறதி, கொஞ்சம் பிடிவாதம். அவ்வளவுதான்" என்றார். பெரியவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டே தற்செயலாகச் சுவரைப் பார்த்தாள். சீருடையில் தளபதியின் படம். ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. பெரியவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

"திறந்த வாயை எப்படிங்க சும்மா விடறது?" என்று பிற்பாடு எங்களிடம் கேட்டாள்.

அப்பாவிடம், யாரோ ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் என்று சொல்லிவைத்தாள்.

தளபதிக்கு நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லை, பெற்ற மகனைத் தெரியவில்லை. ஆனால் தினமும் காலையில் குளியலறை வாசலில் விறைத்து நின்றுகொண்டு அவளைச் சிப்பாய் என்று நினைத்துக் கேட்பார்.

"கூட்டம் கலைஞ்சுதா?"

முதல் நாள் அவள் துண்டை நீட்டிப் பார்த்தாள். அவர் ஒரு அங்குலம் நகரவில்லை. கடைசியில், "கலைஞ்சுபோச்சு சார்" என்றதும் சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முதுகு தேய்க்கும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிடுவாளாம். "ஆனா அதுல அழுக்கு நல்லாவே போச்சு."

குட்டு டிவியில் உடைந்தது. தளபதி மீது வழக்குப் போட்டிருந்தார்கள். நீதிமன்ற வாசலில் சக்கர நாற்காலி வருவதைக் காட்டினார்கள். தள்ளிக்கொண்டு வந்தது சிஸ்டர். அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"உங்க ஹெட்மாஸ்டர் நெஞ்சு நிறைய பதக்கம் குத்தியிருக்காரே, அது எந்தப் பள்ளிக்கூடம்மா?"

அவள் அழுதாள். அவர் கத்தினார். நாளையிலிருந்து போகக்கூடாது என்றார். அவள் போனாள். ஒரு வாரம் பேச்சே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எப்படி இருக்கான்?" என்றார்.

"வயித்துக் கோளாறு. வெளிக்கிப் போயி மூணு நாளாச்சு."

அப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அன்றைக்கு இன்னொரு தட்டு சாப்பிட்டார். மறுநாள் அவளைச் செருப்புக்கூடக் கழற்றவிடவில்லை. "போனானா?" "இல்லப்பா." சந்தோஷப்பட்டார். அதற்கும் மறுநாள் அதே பதில் வந்ததும் முகம் மாறிவிட்டது. "பப்பாளி குடுத்துப் பாரேன். வெந்நீர் குடிக்கச் சொல்லு. எனக்கென்ன வந்துச்சு, அவன் கோர்ட்டுல நிக்கிற வரைக்கும் உசுரோட இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த வீட்டில் தளபதியின் மகனுக்கும் மகளுக்கும் வேறு தகராறு. அப்பாவுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை என்று டாக்டர்கள் குழு சொல்லிவிட்டால் வழக்கு நின்றுபோகும் என்பது மகன் கணக்கு. மகளோ அப்பா பெயரில் ஒரு மண்டபம் கட்டி, திறப்பு விழாவில் அவரையே பேசவைக்க ஏற்பாடு செய்திருந்தாள். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

"காலையில அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு, சாயங்காலம் மைக்கைக் குடுத்தா எவன் நம்புவான்?" என்று மகன் குதித்தான்.

"இந்த வியாதி வந்து வந்து போகும்னு டாக்டரே சொல்றாங்கல்ல? காலையில வரட்டும், சாயங்காலம் போகட்டும்" என்றாள் மகள்.

டாக்டர்கள் மூன்று பேர். இன்றைக்கு என்ன கிழமை? தெரியவில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? தெரியவில்லை. இது யார்? மகனை ஏற இறங்கப் பார்த்த தளபதி, "சமையல்காரன். உப்பே போடமாட்டான்" என்றார். சமையல்காரன் என்றதற்கு ஒரு மகன் அப்படிப் பூரித்துப்போய் சிஸ்டர் பார்த்ததேயில்லை.

அப்போது கீழே தெருவில் கோஷம் எழுந்தது. செத்தவர்களின் குடும்பங்கள் கூடியிருந்தன. தளபதியின் முதுகு நிமிர்ந்தது.

"கேட்டை மூடியாச்சா?"

"எந்த கேட் சார்?" என்றார் ஒரு டாக்டர்.

"மில் கேட். பூட்டுன்னு சொன்னேனே. பூட்டிட்டுத்தான் சுடணும். திறந்திருந்தா ஓடிடுவானுங்க."

"மேலிடத்து உத்தரவா?"

"எனக்கு எவன்யா உத்தரவு போடறது?"

மகன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான். தளபதி சிஸ்டர் பக்கம் திரும்பினார். "கூட்டம் கலைஞ்சுதா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தினமும் சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்ததாம்.

"இல்ல சார். வெளியதான் நிக்கிறாங்க."

சாயங்காலம் மகள் விடாமல் அவரை மேடையேற்றினாள். பின்னால் ஆளுயரத்துக்கு அவர் படம். மைக்கைப் பிடித்த தளபதி திரும்பி அதை வெகுநேரம் பார்த்தார். "யாரு இவன்? முழியே சரியில்லையே" என்றார். கூட்டத்துக்குச் சிரிப்பதா கைதட்டுவதா என்று புரியவில்லை. பேண்டுக்காரர்கள் பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்து வாசிக்கத் தொடங்கினார்கள். 'தளபதியின் தன்னடக்கம்' என்று மறுநாள் ஒரு பத்திரிகை எழுதியது.

அன்றைக்கே சிஸ்டருக்கு வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட் விஷயத்தைச் சொன்னாள். அவர் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். கடைசியில், "எங்கண்ணன் அந்த கேட்டு மேல ஏறித்தாம்மா செத்தான். நாங்களே பூட்டிக்கிட்டோம்னு சொன்னானுங்களே" என்று சொல்லி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வழக்கு நின்றுபோகவில்லை; ஆனால் அது முடிவதற்குள் தளபதி தூக்கத்திலேயே போய்விட்டார். அப்பா ஆடிப்பாடுவார் என்று நினைத்தோம். டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் எதிர்வீட்டு ரிட்டயர்ட் பேங்க்காரரிடம் போய், "இப்ப என்ன சொல்றீங்க? கேட்டைப் பூட்டினது யாருன்னு அவர் வாயாலயே வந்துடுச்சே" என்றார். தளபதி அப்படிச் செய்பவரே இல்லை என்று இத்தனை வருஷம் சாதித்தவர் பேங்க்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பூட்டினது நல்லதுதாங்க. இல்லேன்னா ஊரே பத்தியிருக்கும்" என்றார். இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

சிஸ்டர் இப்போது ஒரு பழைய பாட்டு டீச்சரைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த அம்மாள் கடிக்கிறாராம். அரசியல் ஒன்றும் இல்லை, வெறும் கடி. அது அவளுக்கு எவ்வளவோ நிம்மதி.