காற்றுப் படாத பந்து

2003 ஆவணி மடுத் திருவிழாவன்றுதான் மெல்ரொன் ஊரைவிட்டுப் போனான். தான் போவது அவனுக்குத் தெரியாது. மாதாவிடம் போகிறோம் என்று சொல்லித்தான் தாய் றோஸ்மேரி அவனை முல்லைத்தீவுக் கரையிலிருந்து வவுனியாவுக்குக் கூட்டிவந்தார். அங்கே இருவரும் ஒரு வாடகை வானில் ஏறினார்கள். வான் புறப்படும் நேரத்தில், "தண்ணிப் போத்தில் ஒண்டு வாங்கியாறன், இரு" என்று இறங்கிய தாய் திரும்பி ஏறவில்லை. வான் மடுவுக்குப் போகாமல் கொழும்புப் பாதையில் ஓடியது. முன் இருக்கையில் இருந்தவர் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர்.

அவனுக்குப் பதினாறு வயது. சமாதான காலம்தான். ஆனாலும் இயக்கம் ஆள் சேர்ப்பதை நிறுத்தவில்லை; அந்த வயதில் பிள்ளை வைத்திருந்த தாய்மாருக்கு நித்திரை இல்லை. கேட்டால் போகமாட்டான் என்பதும் றோஸ்மேரிக்குத் தெரியும். தகப்பன் கொன்ஸ்ரன்ரைனோடு கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தான். பள்ளிக்கூடத்தைவிட அது அவனுக்குப் பிடித்திருந்தது.

பாரிஸில் தாய்மாமன் வீட்டில் போய்ச் சேர்ந்தான். தொலைபேசியில் தகப்பனோடு கதைப்பான், தாயோடு கதைக்கமாட்டான். அடுத்த ஆண்டு மார்கழியில் கடல் ஊருக்குள் வந்து கொன்ஸ்ரன்ரைனைக் கொண்டுபோனது. அதன்பிறகு மெல்ரொன் தொலைபேசிக்கே வரவில்லை. மாமன்தான் பேசுவார். "அவன் கொம்பியூட்டரில கோல்ஃப் விளையாடுறான் அக்கா. ஞாயிற்றுக்கிழமை விடிஞ்சா அதுதான்."

நான் அப்போது கிளிநொச்சியில் யோகலிங்கம் அண்ணையின் நெற் கபேயில் வேலை செய்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம், சந்தையில் கருவாடு விற்று முடித்த வெறும் கடகத்தோடு றோஸ்மேரி அன்ரி உள்ளே வந்தார். கடல் வந்தபிறகு புதுக்குடியிருப்பில் கொட்டிலில் இருந்தார். விசுவமடு, பரந்தன் என்று பஸ் பிடித்து வந்திருந்தார்.

"மெயில் அனுப்பவோ அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. கோல்ஃப் விளையாட வேணும்."

யோகலிங்கம் அண்ணை கதிரையைத் திருப்பிப் பார்த்தார். "கோல்ஃபோ? அக்கா, இஞ்ச கிளித்தட்டுக்கே இடமில்லை."

அன்ரி சிரிக்கவில்லை. விளையாட்டின் பெயரையும் அதில் மகன் வைத்திருந்த பெயரையும் மாமனிடம் கேட்டு மனப்பாடமாக்கியிருந்தார். அவற்றைச் சொல்லிவிட்டு, "நான் ஆரெண்டு எழுதிப் போடாத பிள்ளை. அம்மா எண்டு தெரிஞ்சா எழும்பிப் போயிடுவான்" என்றார்.

என்ன பெயர் வைப்போம் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார். வெளியே சோளகக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. "சோளகம் எண்டு வை."

அந்த விளையாட்டில் அறைகள் உண்டு. புதியவர்கள் கீழ் அறையில்தான் ஆடவேண்டும். புள்ளி சேர்த்தால்தான் மேல் அறைக் கதவு திறக்கும். மெல்ரொன் மேல் அறையில் இருந்தான். மகன் இருக்கும் இடத்துக்குப் போக அவனது தாய் கோல்ஃப் பழகவேண்டியிருந்தது.

தூர அடிகள் அவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று திரையின் மூலையில் ஓர் அம்பு காட்டும். அதை ஒருமுறை பார்த்துவிட்டு, பந்தைக் காற்றுக்கு எதிராக ஒதுக்கி அடிப்பார்; அது வளைந்துபோய்ச் சரியான இடத்தில் விழும். பட்டிங்தான் வரவில்லை. குழிக்குப் பக்கத்தில், புல்லை ஒட்ட வெட்டிய தரையில், பந்தை மெல்லத் தட்டி உருட்டிக் குழிக்குள் விழுத்துவதுதான் பட்டிங். ஒவ்வொரு முறையும் பந்து குழியின் ஓரத்தால் போய்விடும். கையெட்டும் தூரத்தில் வைத்தும் தவறவிடுவார். கிழமைக் கணக்கில் இப்படியே போனது. சேர்த்த புள்ளியெல்லாம் அங்கேயே கரைந்தது.

ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன். பட்டிங்குக்கும் அவர் காற்றுப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, பந்து தரையில உருளேக்க காத்துக் கணக்கில்லை. விளக்கத்தில போட்டிருக்கு."

"அப்ப ஏன் அம்பு காட்டுது?"

"அது சும்மா கிடக்கும். நீங்கள் பாக்காதேங்கோ."

"காத்துப் படாத பந்து எங்க பிள்ளை இருக்கு? கரையில ஒரு வெறும் போத்தில் கூடக் காத்துக்குத்தான் உருளும்."

நம்பினார், ஆனால் கை நம்பவில்லை. அம்பு கண்ணில் பட்டால் கை தானாக ஒதுக்கியது. கடைசியில் பேர்ஸைத் திறந்து மடு மாதாவின் சின்னப் படமொன்றை எடுத்து, திரையின் மூலையில் அம்பை மறைத்து ஒட்டினார்.

யோகலிங்கம் அண்ணை எழும்பி வந்து பார்த்தார். "மாதா இப்ப காத்தையும் நிப்பாட்டிப் போட்டா. நாளைக்கு எங்கட பிள்ளையாரையும் கொண்டந்து ஒட்டுறன், லைன் கொஞ்சம் வேகமா வரட்டும்."

"உங்கட பிள்ளையார் எலியில வாறவர். உந்த லைனுக்கு அவர்தான் பொருத்தம்" என்றார் அன்ரி. அன்றைக்குத்தான் அவர் பகிடி விட்டு நான் முதலில் கேட்டேன்.

அதற்குப் பிறகு தரையைப் பார்க்கப் பழகினார். தரைமீது சின்ன மணிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அவை ஓடும் பக்கம் பள்ளம், வேகமாக ஓடினால் பள்ளம் கூட. எங்கள் லைன் மெதுவானது. அழுத்தினால் கொஞ்சம் பிந்தித்தான் திரையில் படும். ஆகவே அடியின் பலம் காட்டி ஓடும் கோடு குறிக்கு வந்து சேருவதற்குச் சற்று முன்னரே அழுத்த வேண்டும். எவ்வளவு முன்னர் என்பதை அவர் விரலே கண்டுபிடித்தது. நீட்டுப் பட்டிங்கில் நேரே குழியைப் பாராமல், பந்து நிற்கவேண்டிய இடத்தை நினைத்துத் தட்டினார். முதல் தட்டில் கிட்டக் கொண்டுபோய், இரண்டாவதில் முடித்துவிடுவார். வெல்லும் ஆட்டமல்ல, கெடுக்காத ஆட்டம். அதுவே புள்ளி சேர்த்தது.

2006 ஆடி முடியும்போது மேல் அறை திறந்தது. மெல்ரொன் அங்கே இருந்தான்.

முதல் ஞாயிறு ஒரு வார்த்தையும் எழுதவேண்டாம் என்றார். அவன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் முறை வந்ததையும் மறந்துபோனார். நான்தான் தோளைத் தொட்டேன். மறு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் அவனே எழுதினான். ஆங்கில எழுத்தில் தமிழ். நான் வாசித்துச் சொன்னேன்.

"சோளகம் எண்டு பேர் வைச்சிருக்கிறீங்கள். ஊர் எது அண்ணை?"

"அண்ணையாமோ?" அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பிறகு, "கிளிநொச்சி எண்டு போடு."

அவன் அடித்த பந்து தண்ணீருக்குள் விழுந்தது. பிறகு எழுத்து வந்தது. "முல்லைத்தீவுப் பக்கம் போறனீங்களோ? றோஸ்மேரி எண்டு ஒரு ஆள். கொன்ஸ்ரன்ரைன்ர மனிசி. இப்ப புதுக்குடியிருப்பில எண்டு கேள்வி. எப்பிடி இருக்கிறா எண்டு பாத்துச் சொல்லேலுமோ?"

இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

"சொல்லுவம் அன்ரி. நீங்கள்தான் எண்டு சொல்லுவம்."

"இந்த நிமிசம் சொன்னா, திரும்பவும் பொய் சொல்லி ஏமாத்திப் போட்டா எண்டுதான் நினைப்பான்." கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு வானில ஏத்தினது காணும். ஒழுங்கா யோசிச்சு, எப்பிடித் தொடங்கிறது எண்டு பாத்து, வாற ஞாயிறு சொல்லுறன். நான்தான் சொல்லவேணும், நீ சொல்லிப்போடாத."

"பாத்துச் சொல்லுறன்" என்று மட்டும் தட்டச்சு செய்தேன். அவன் "நன்றி அண்ணை" என்று போட்டான்.

அந்த ஞாயிறு வரவில்லை. வெள்ளிக்கிழமை சண்டை தொடங்கியது. ஏ-ஒன்பது பாதை பூட்டப்பட்டது, லைன் செத்துப்போனது. யோகலிங்கம் அண்ணை கணினிகளைச் சாக்கால் மூடிவைத்தார். ஆண்டு முடியும் நேரத்தில் எங்கேயோ ஓரிடத்தில் அன்ரிக்குத் தொலைபேசி கிடைத்தது. பாரிஸில் அந்த எண் வேலை செய்யவில்லை. மாமன் குடும்பம் வீடு மாறியிருந்தது.

அடுத்த ஆண்டு வன்னியைவிட்டுப் போக எனக்குப் பாஸ் கிடைத்து நான் வெளியேறினேன். சென்னை, கோலாலம்பூர், பிறகு வேறு ஊர்கள், ஒன்றிலும் தரித்திருக்கவில்லை. போன இடங்களில் சிலவேளை வேறொரு பெயரில் அந்த விளையாட்டைத் திறந்து பார்ப்பேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நான்தான் சொல்லவேணும் என்று அன்ரி சொல்லியிருந்தார். அவர் உயிரோடு இருக்கும்வரை அது அவருடைய கதை. நான் எழுதவில்லை.

2009 கடைசியில் வவுனியாவுக்குத் திரும்பினேன். முகாமிலிருந்து வெளியே வந்திருந்த கமலாசனி அக்காவைச் சந்தித்தேன். கொட்டிலில் அன்ரிக்குப் பக்கத்து வீடு. மாத்தளனில் அன்ரி கஞ்சி வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்தது என்றார். "மணலுக்குள்ளதான் தாட்டது. குருசு நட ஒரு தடி கிடைக்கேல்லை."

அவனுக்குச் சொல்ல இனி நான் மட்டும்தான் இருந்தேன். ஆஸ்பத்திரி வீதியில் ஒரு நெற் கபேயில் சோளகத்தின் கணக்கைத் திறந்தேன். அதில் செய்தியொன்று கிடந்தது. வைகாசியில் சண்டை முடிந்து சில கிழமைகளில் மெல்ரொன் அனுப்பியிருந்தான்.

"அண்ணை, நீங்கள் தப்பி இருந்தா இதை வாசியுங்கோ. முகாம் விபரம் எல்லாத்திலும் தேடீட்டன், அம்மாவின்ர பேர் இல்லை. எங்கயும் கண்டா இந்த நம்பரைக் குடுங்கோ, கீழ போட்டிருக்கிறன். மாமா வீட்டில இல்லை, நான் இப்ப தனிய இருக்கிறன். எந்த நேரமெண்டாலும் எடுக்கச் சொல்லுங்கோ. நான்தான் எடுப்பன்."