மகனின் பெயரில் ஒரு நேரலை

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தபோது நான் ஒரு பிழை செய்தேன்.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் எங்கள் ஒரே மகன் நோயுற்றுக் காலமாகியிருந்தான். பெரம்பலூரில் வேலை பார்த்தவன். வீடு திரும்பியதும் டிவியில் இணைத்த கேம் கன்சோலோடு மாடியறையில் அமர்ந்துவிடுவான். ஒரு விளையாட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை எவ்வளவு விரைவில் முடிக்க இயலும் என்று முயல்வதற்கு ஸ்பீட்ரன் என்று பெயராம். அந்த ஓட்டத்தை இடையில் எங்கும் வெட்டாமல் பதிவு செய்ய வேண்டும். சில நாட்களில் நேரலையாகவும் காட்டுவான். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, அவன் அதில் கண்ட இன்பம் என்னவென்று தெரிந்துகொள்ளத் தோன்றியது.

மனைவி அந்த அறைக்கு வருவதில்லை. அவனைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதும் இல்லை. காய்கறி, மின்கட்டணம் என்ற அளவில் எங்கள் பேச்சு நின்றுவிட்டது.

விளையாட்டில் ஒரு குட்டி நரி குன்றுகளைத் தாண்டி ஓட வேண்டும். என் நரி பெரும்பாலும் பள்ளத்தில்தான் கிடந்தது. ஓரளவு பழகிய பின், முழு ஓட்டத்தையும் பதிவு செய்து பார்க்க விரும்பினேன். அன்று பதிவுக்கான பொத்தான் என்று எண்ணி, நேரலைக்கான பொத்தானை அழுத்திவிட்டேன். கணக்கு அவனுடையது. அவனைப் பின்தொடர்ந்தவர்களுக்கெல்லாம் அவன் வந்துவிட்டதாக அறிவிப்பு சென்றுவிட்டது.

அருகிலிருந்த அவனுடைய லேப்டாப்பில், நேரலையைப் பார்ப்பவர்கள் எழுதும் இடத்தில், ஆங்கில எழுத்துகளில் தமிழ் வரிகள் தோன்றின.

“அண்ணே, வந்துட்டீங்களா! எங்க போயிட்டீங்க இத்தன நாளா?”

“என்னண்ணே, மொத பள்ளத்துலயே விழுறீங்க? கை மறந்து போச்சா?”

அவர்களுக்கு அவன் புனைபெயர் மட்டுமே தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் நிறுத்தியிருக்கலாம். அவர்கள் மனத்திலாவது அவன் உயிரோடு இருந்திருப்பான். அந்த ஆசை எனக்கு இருந்தது. ஆனாலும் அவன் மேசையில் பொருத்தியிருந்த மைக்கின் பக்கம் திரும்பி, “நான் அவனோட அப்பா. அவன் இறந்துட்டான்” என்றேன். அதுவரை அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

திரும்பிப் பார்த்தேன். மொட்டைமாடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்து வந்த மனைவி, வாசற்படியில் நின்றிருந்தாள்.

சற்று நேரத்தில், கேலி செய்தவரே எழுதினார். வேப்பந்தட்டை ஊர்க்காரராம். “தெரியாம கிண்டல் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க சார். ஆனா ஆட்டத்த நிறுத்தாதீங்க. மொத ஓட்டம் எவ்ளோ நேரமானாலும் முடிச்சிரணும்னு அண்ணன்தான் எங்களுக்குச் சொல்லுவாரு. நாங்க இருக்கோம்.”

கன்ட்ரோலரை மீண்டும் எடுத்தேன். ஆடிக்கொண்டே அவர்கள் எழுதுவதைப் படிக்க என்னால் இயலவில்லை. மனைவி உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி எழுத்துக்கூட்டினாள்.

“தாவுறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால வரணுமாம்.”

“எதுக்கு?”

“எனக்கென்ன தெரியும்? சொல்றத செய்யுங்களேன். ஐயோ, கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? பள்ளம் எம்மாம் பெருசா தெரியுது!”

“அம்மா திட்டுறது எங்களுக்கும் கேக்குது” என்று ஒருவர் எழுதினார். வேப்பந்தட்டைக்காரர், “அம்மா, அண்ணன் தோத்துட்டா என்ன பண்ணுவாரு?” என்று கேட்டார்.

அதைப் படித்துவிட்டு அவள் மடியிலிருந்த துணிகளை ஒதுக்கி வைத்தாள். பிறகு மைக்கைப் பார்த்து, “தோத்தா நேரா கீழ வருவான் தம்பி. வந்து, கொழம்புல உப்பு இல்லம்பான்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னாள்.

நரி எப்படியோ கடைசிக் குன்றை அடைந்தது. அவ்வளவு மெதுவான ஓட்டத்தை அவர்கள் கண்டதே இல்லையாம். ஆட்டம் முடிந்த பிறகும் யாரும் விலகவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஒருவரையொருவர் கேட்கத் துணியாததை முகம் தெரியாத ஒருவர் இயல்பாகக் கேட்டார். அதற்கு அவள் சொன்ன பதிலோடுதான் எங்கள் மகன் இந்த வீட்டின் அன்றாடப் பேச்சுக்குள் திரும்பி வந்தான்.