பாவுக்கள்ளி பஸ் ஏறினாள்

என் முழங்கால் வீங்கியபோது வீட்டில் எல்லோரும் கலங்கிப்போனார்கள். எனக்கு மட்டும் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த வீக்கத்தின் புண்ணியத்தில்தான் நான் முதன்முதலாக பஸ் ஏறினேன்.

அது யுத்த காலம். எடப்பாடியில் எங்களுக்குத் தறிதான் சோறு போட்டது. நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன் அதைப் பாவாக்கி, பாவடித் திடலில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். வெயில் ஏறினால் நூல் முறுகி அறுந்துவிடும். அதனால் விடியும்போதே குடும்பம் மொத்தமும் அங்கே நிற்கும். அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு இணைப்பது பிள்ளைகளின் வேலை. அதற்குத்தான் நான் போகவே மாட்டேன். விழித்ததும் முழங்காலை நீட்ட வராது, விரல்கள் மடங்காது. "அப்பறமா வாரேன்" என்று பாயிலேயே சுருண்டு கிடப்பேன். வெயில் வர வர எல்லாம் இளகிவிடும். பாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு சித்தப்பா திரும்பும் நேரத்தில் நான் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருப்பேன்.

"வேலை முடிஞ்சுதுன்னு எப்படித்தான் தெரியுதோ இந்தப் பாவுக்கள்ளிக்கு" என்பார் சித்தப்பா. பாவு வேலைக்கு ஒளிகிறவள் என்று தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. பட்டப்பெயர் இல்லாத பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் காய்ச்சலோடு வலது முழங்கால் உப்பிக்கொண்டது. அன்று மத்தியானம் ஆகியும் அது இளகவில்லை. எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளே சீழ் வெச்சிருக்குதுங்க. உடனே சேலம் கொண்டுபோங்க, இல்லீன்னாக் காலே போயிரும்" என்றார். அம்மா அழத் தொடங்கினாள். சேலம் என்ற சொல்லுக்குப் பிறகு என் காதில் வேறு எதுவும் விழவில்லை.

பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பஸ் கரியில் ஓடியது. பின்புறம் ஓர் இரும்பு உருளை. ஒருவர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அதற்குள் கரி கனன்றது. அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். மேடு வந்ததும் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள், அம்மாவும் சித்தப்பாவும்கூட. காலைக் காரணம் காட்டி என்னை மட்டும் இறக்கவில்லை. கலெக்டர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, மற்றவர்கள் தள்ளுவதை வேடிக்கை பார்த்தேன். வலித்ததா என்று கேட்டால், வலித்திருக்கத்தான் வேண்டும். நினைவில் நிற்பது அந்தக் கரிப்புகை வாசனைதான்.

ஆஸ்பத்திரியில் அவசரம் என்று நேரே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அங்கே தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் இளவயது டாக்டர் ஒருவர் வந்து முழங்காலை அழுத்தினார்.

"காலை எடுத்துருவீங்களா சாமி?" என்றாள் அம்மா.

"சீழா இருந்தா இன்னைக்கே கீறி எடுக்கணும்மா. முதல்ல ஊசியால நீரை எடுத்துப் பார்க்கிறேன்."

ஊசியில் வந்த நீரை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கலங்கிய மஞ்சளாக இருந்தது, கெட்டிச் சீழ் இல்லை. அவர் முகம் தெளியவில்லை. பக்கத்து மேஜையில் கத்திகள் வெந்நீரில் கொதித்துக்கொண்டிருந்தன.

"இதுக்கு முன்னாடி வலின்னு சொல்லியிருக்காளா? எப்பெப்ப வலிக்கும்?"

பயத்திலும் கேலியை விடாத சித்தப்பாதான் பதில் சொன்னார்.

"பாவு போடற நேரத்துக்கு மட்டுந்தானுங்க இவளுக்கு வலி வரும். வெயில் ஏறிருச்சுன்னா எல்லாம் பறந்துருமுங்க. பாண்டி ஆடப் போயிருவா."

டாக்டர் சிரிக்கவில்லை. "இருங்க. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சித்தப்பா திரும்பச் சொன்னார். இந்த முறை குரல் இறங்கியிருந்தது. எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்க, தை மாதத்திலிருந்து என்றாள் அம்மா. டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார், கழுத்தைத் திருப்பச் சொன்னார், மற்ற முழங்காலையும் தடவினார். பிறகு கத்திகளை எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, "இவ காலைல எந்திரிக்கிறதை நான் பார்க்கணும்" என்றார்.

மறுநாள் பொழுது விடியும்போதே வந்து கட்டிலருகில் நின்றார். அப்பாவும் சித்தப்பாவும் பின்னால் நின்றார்கள். நான் எழுந்திருப்பதைப் பார்க்க இத்தனை பேரா என்று எனக்கு ஒரே பெருமை. தினமும் செய்வதைத்தான் செய்து காட்டினேன். ஒருக்களித்தேன், மணிக்கட்டை ஊன்றினேன், பாதி எழுந்து நின்றுபோனேன், கட்டில் சட்டத்தைப் பிடித்து இறங்கினேன், சுவரைப் பிடித்து மடங்கிய காலோடு நடந்தேன். அந்த நேரத்தில் எப்போதும் பாவடியில் இருப்பவர்கள் அதை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அப்பா தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"இது சோம்பல் இல்லீங்க" என்றார் டாக்டர். "மூட்டு வாதம். வயசானவங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நினைக்கிறோம், பிள்ளைங்களுக்கும் வரும். கால் போகாது. ஆனா இந்த நோயும் சீக்கிரம் போகாது." மாத்திரை கொடுத்தார். எழுந்ததும் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும், முழங்காலை மடக்காமல் படுக்க வேண்டும், மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார். மறுபடி பஸ்ஸில் போகலாம் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் யாரும் என்னை அதட்டி எழுப்பவில்லை. அம்மா ஒத்தடம் கொடுத்தாள். கால் இளகியதும் மெல்ல நடந்து பாவடிக்குப் போனேன். சித்தப்பா கஞ்சி ஈரம் காயாத பாவின் மேல் குனிந்திருந்தார். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று நின்றேன். கூப்பிடவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நானே ஆரம்பித்தேன்.

"சித்தப்பா, பாவுக்கள்ளி வந்துட்டா."

அவர் நிமிரவில்லை. கையில் இருந்த அறுந்த இழைக்கு முடிச்சுப் போட முயன்றுகொண்டே இருந்தார். நொடியில் முடிச்சுப் போடுகிற மனுஷன், ஓர் இழைக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.