பனிக்குள் மூடிய புகைக்குழாய்

பிள்ளைகளே, மாமி வீட்டுக்கு இன்னும் இரண்டு தெருதான். இந்தப் பியர்பொன்ட்ஸ் ஊரில் பனி தள்ளும் வண்டிக்கு வழிவிடப் பின்னுக்கு எடுத்த நம் ஜீப், பனிக்குவியலில் ஏறி இறுகி நிற்கிறது. நாலு சில்லும் சுழன்று இழுக்கிற வண்டி, எதிலும் இறங்கும் என்று நம்பியது என் பிழை. நீங்கள் இருவரும் பின்சீட்டில் நித்திரை. உங்களுக்குக் குளிரக் கூடாதென்று எஞ்சினை ஓடவிட்டு, முன்சில்லுகளைச் சுற்றிப் பனியை வாருகிறேன்.

எதிர்வீட்டுப் பெண் ஒருவர் பனி வாரும் சவளோடு ஓடி வருகிறார். பேச்சிலேயே நம்மவர் என்று தெரிகிறது.

“அண்ணை, முதல் எஞ்சினை நிப்பாட்டுங்கோ.”

“பிள்ளையளுக்குக் குளிரும், தங்கச்சி.”

“குளிரைத் தாங்கலாம். பின்னால புகைக்குழாய் பனிக்குள்ள மூடிக் கிடக்கு. புகையில இருக்கிற நச்சுவாயு உள்ளுக்குப் போனால் மணமும் வராது. பிள்ளையள் மயங்கினாலும் நித்திரை எண்டுதான் நினைப்பியள்.”

எஞ்சினை அணைத்து, நான்கு கதவுகளையும் திறக்கிறேன். மூத்தவளே, உன்னை உலுப்பியதும் கண் திறக்கிறாய். தம்பி திறக்கவில்லை. கன்னத்தில் தட்டுகிறேன். மறுபடியும் தட்டுகிறேன்.

“கதவைச் சாத்துங்கோ அப்பா” என்று சிணுங்குகிறான்.

நான் சாத்தவில்லை. அந்தத் தங்கச்சி குழாயைத் தோண்டி எடுக்கும்வரை, நீங்கள் இருவரும் வெளியே என் கோட்டுக்குள் நிற்கிறீர்கள்.