சிவப்புப் பெயின்ட் பூசிய பீங்கான்கள்

என் நானா மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. சொந்த அண்ணனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

உம்மா மௌத்தாகும் முன் தன் டினர் செட்டை எனக்கென்று சொல்லிவிட்டுப் போனார். எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது உம்மாவின் வாப்பா வாங்கியது. நீலப்பூப் போட்ட இருபத்துநான்கு பீங்கான் தட்டுகள். மாத்தளையில் எங்கள் ஒழுங்கையில் கல்யாணம், கந்தூரி விருந்து எதுவென்றாலும் அவை இரவல் போகும். பத்து வீட்டுப் பீங்கான்களோடு கலந்துவிடாமலிருக்க, ஒவ்வொன்றின் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பெயின்ட் பூசி வைப்பார் உம்மா. பெயின்ட் உரிந்தால், மிச்சத்தைக் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது என் வேலை. ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

கணவர் மௌத்தான பிறகு தையல்தான் எனக்குச் சோறு போடுகிறது. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெஷின் ஒன்று இருந்தால் பாடசாலைச் சீருடை ஓடர் எடுக்கலாம். அதற்காகத்தான் செட்டை விற்க மனதைத் தேற்றிக்கொண்டேன். பழைய சாமான் வாங்கும் ஒருவரைக் கண்டியிலிருந்து நானா கூட்டி வந்தார்.

"நீ உள்ளுக்கு இரி. நான் பேசிக்கிறேன்," என்றார்.

யட்டவத்த ஊர்க் கடைக்காரர்களிடம் நேருக்கு நேர் நின்று விலை பேசுகிறவள் நான். ஆனால் நானா வந்தால் திரைக்குப் பின்னால் போய் நிற்பேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி.

வந்தவர் பூவைப் பார்க்கவேயில்லை. பீங்கானைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"பெயின்ட் பூசிட்டீங்களே. கம்பனி முத்திரை தெரியல. முத்திரை இல்லாட்டி இது சும்மா சாப்பாட்டுப் பீங்கான்தான்."

நானாவுக்கு உடனே உம்மா மேல் கோபம் ஏறியது. "எங்கட உம்மாக்கு விளக்கம் இல்ல. எல்லாத்தயும் நாசமாக்கி வச்சிட்டாங்க."

மௌத்தானவரைப் பற்றி, அதுவும் வெளி ஆள் முன்னால்! நானா தன் கல்யாணச் சோற்றைத் தின்றதும் அந்தப் பீங்கானில்தானே? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தின்னர் போத்தல் அலுமாரிக்கு மேல்தான் இருந்தது. ஒரு துண்டுத் துணி போதும். ஆனால் வெளி ஆள் முன்னால் நானாவைத் திருத்தினால் அவர் மரியாதை என்னாவது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். வந்தவர் சொன்ன அடிமாட்டு விலைக்கு நானா தலையாட்டினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெட்டிகளை வேனில் ஏற்றியதும் அந்த மனிதர் ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். பஞ்சை நனைத்து ஒரு பீங்கானின் அடியைத் துடைத்தார். முத்திரை பளிச்சென்று வந்தது. அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, நானாவுக்குச் சிரித்தபடி கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வாசலுக்கு ஓடினேன். "அந்தப் பெயின்ட் போகும் நானா! எத்தன தரம் நானே தொடச்சிருக்கேன்!"

"தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றார் நானா.

கிடைத்த காசு மெஷினின் பாதி விலைக்கும் காணாது. உம்மாவைத் திட்டியதைக்கூட என்றாவது மன்னித்துவிடுவேன். இந்த ஒரு பேச்சை மட்டும் மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் அது உண்மை.